மாமா செய்த சொட்டாத பாட்டில்

எங்கள் அப்பா திருப்பூருக்குப் போனதற்குக் காரணம் மாமாதான் என்பது எங்கள் வீட்டில் தீர்ப்பாகி முடிந்துபோன வழக்கு. மேல்முறையீடு கிடையாது. கல்யாண வீடு, சடங்கு வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு, எங்கே சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினாலும் அம்மா அதை ஒரு தடவை சொல்லிவிடுவாள். "இந்தப் பய செஞ்ச பாட்டிலாலதான் அவிய ஊர விட்டுப் போனாவ." மாமா அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். மறுத்து ஒரு வார்த்தை வராது. "ஆமாக்கா" என்பார்; இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்வார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்னும் அதே ஆமாக்காதான். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய்விட்டது. அவருக்கு எப்படி அலுக்காமல் இருக்கிறதோ தெரியவில்லை.

அப்பா திருப்பூரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது தம்பி அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தான். எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இடையில் வந்த தீபாவளிகளையும் பொங்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்பாவோடு இருந்தது ரொம்பக் கொஞ்ச நாள்தான். சேர்த்துப் பார்க்கிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

அப்பா தையல் மிஷின் மெக்கானிக். கோவில்பட்டியில் அவருக்குக் கடை என்று ஒன்றும் கிடையாது. கடை தோளில் தொங்கும். ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஸ்குரூ டிரைவர், ஸ்பானர், ஊசி டப்பா, பெல்ட்டு, பழைய துணி, எண்ணெய்க் கேன். காலையில் பஸ் ஏறினால் புதூர், நாகலாபுரம் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் இறங்கித் தெருத் தெருவாகப் போவார். தையல் மிஷின் சத்தம் கேட்கிற வீட்டு வாசலில் நின்று, "எண்ணெ விட்டுத் தரவா தாயி?" என்பார். மழைக்காலமானால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்துக்கு யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது.

அந்தப் பையில் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கும். எண்ணெய்க் கேன் மட்டும் கேட்காது. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் ரொம்ப லேசானது. சின்னச் சந்து கிடைத்தால் போதும், வெளியே வந்துவிடும். அப்பா கேனின் மூக்கில் துணி சுற்றுவார். துணி மேல் பாலிதீன் கவர். கவர் மேல் ரப்பர் பாண்ட். எண்ணெய் இதையெல்லாம் பொறுமையாகக் கடந்து, பையின் அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். எங்களுக்காக வாங்கிப் போட்ட கடலை மிட்டாயும் அங்கேதான் இருக்கும். ஊரெல்லாம் கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று கேட்டு வாங்கித் தின்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு மிஷின் எண்ணெய் ருசி. நானும் தம்பியும் அதுதான் அதன் ருசி என்று நினைத்துத் தின்றோம்.

ஒரு தடவை பஸ்ஸில் பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் அப்பாவுக்கு இடம் கிடைத்தது. பை மடியில். எட்டயபுரம் தாண்டுவதற்குள் அந்தப் பெரியவரின் வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் இறங்கிவிட்டது. போகிற காரியம் மங்கல காரியம், இது என்ன சகுனம் என்று அவர் கத்த, பொம்பளையாட்கள் எல்லாம் எழுந்துவிட, அப்பா நடுக்காட்டில் இறங்கி நடந்தே போனார். வீட்டில் வந்து அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கல்யாணம் நடந்துச்சோ என்னமோ" என்று ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஊருக்கு வெளியே சட்டை தைக்கிற யூனிட் ஒன்று வந்தது. கட்சிக்காரர்களும் கல்யாண மாப்பிள்ளைகளும் போடுகிற வெள்ளைச் சட்டை. வேறு கலரே கிடையாது. பழைய மிஷின்களை வாங்கி மோட்டார் மாட்டி ஓட்டினார்கள். எண்ணெய் விடுகிற வேலை ஓயாது. முதலில் இருந்த மெக்கானிக் கை சுத்தம் போதாது என்று அனுப்பப்பட்டார். அப்பா போய்க் கேட்டபோது முதலாளி, "தீபாவளி வரைக்கும் பாக்குதேன் அண்ணாச்சி. சட்டையில ஒரு சொட்டு எண்ணெ படலன்னா நீங்கதான் நமக்கு நிரந்தரம். பட்டுச்சுன்னா நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றாராம்.

இது கிடைக்காவிட்டால் திருப்பூர்தான். ஊர்களில் தையல் மிஷின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எல்லாரும் ரெடிமேட் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவின் முழங்காலும் நடந்தது போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பூரில் இருந்த சிநேகிதர் ஒருவர் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். அம்மா திருப்பூர் என்ற பெயரையே வீட்டில் எடுக்க விட மாட்டாள். எதிர்வீட்டில் ஒரு அக்காவின் புருஷன் அங்கேதான் இருந்தார். அவர் லீவுக்கு வந்தால் அவர் பெற்ற பிள்ளையே யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்று அழும். அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் தம்பியைத் தூக்கி அப்பாவின் மடியில் போடுவாள். தம்பி அப்போது அப்பாவின் நெஞ்சில் படுத்தால்தான் தூங்குவான். அவனுக்கும் அந்த எண்ணெய் வாசனை வேண்டும்.

மாமா உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். அம்மாவின் ஒரே தம்பி. லேத் பட்டறையில் வேலை. எதைப் பார்த்தாலும் அதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று சொல்கிற ஆள். பாதி நேரம் செய்தும் விடுவார், மீதி நேரம் அம்மாவிடம் வசவு வாங்குவார்.

"அத்தான், சொட்டாத பாட்டில் ஒண்ணு நான் செஞ்சு தாரேன். நீங்க பையத் தலகீழா மாட்டுங்க, ஒரு சொட்டு வராது."

"ஆமா, நீ செஞ்ச ஸ்டூல்ல உக்காந்துதான் நம்ம ஐயாவுக்கு இடுப்பு போச்சு" என்றாள் அம்மா.

முதலில் கண் மருந்து பாட்டில் வந்தது. அது ஒழுகியது. அப்புறம் பசை பாட்டில். அது இன்னும் தாராளமாக ஒழுகியது. மாமா அசரவில்லை. எங்கள் வீட்டுப் பேனாக்களிலிருந்து ஸ்பிரிங் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. நான் அழுதேன். தெரு முனை சைக்கிள் கடையிலிருந்து சக்கரத்துக்குள் போடுகிற குட்டிக் குண்டுகள் வந்தன. கடைசியில் அவர் கொண்டுவந்த பாட்டில் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே ஒரு குண்டு, குண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பேனா ஸ்பிரிங். உச்சியில் பித்தளை நிப்பிள், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இருக்குமே, தையல் ஊசி நுழையாத துவாரத்தோடு, அதேதான். பாட்டிலை அமுக்கினால் குண்டு விலகி ஒரே ஒரு சொட்டு வரும். கையை எடுத்தால் குண்டு வந்து அடைத்துக்கொள்ளும்.

அதைக் கொடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே என் டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் போட்டார். மறுநாளும் தாள் வெள்ளையாகவே இருந்தது. அதுவும் போதாது என்று பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுப் பையின் வாயைப் பின் குத்திவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வாசல் வேப்பமரத்துக் கிளையில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கினார். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டோம்.

"ஏலே, கிறுக்குப் பயலே, எறங்குலே! கழுத்து முறிஞ்சா யாருக்குலே பதில் சொல்ல?"

"சட்டையப் பாருக்கா! சட்டையப் பாரு!"

சட்டை சுத்தமாக இருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கு மாமாவுக்குக் கறிக்குழம்பு.

அப்பா அந்தப் பாட்டிலோடு யூனிட்டுக்குப் போனார். ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. ஒரு சட்டையிலும் ஒரு சொட்டு இல்லை. அப்பாவின் நகக்கண் வெளுத்தது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். தம்பியைச் சைக்கிளில் வைத்து ரயில் பார்க்கக் கூட்டிப் போனார். கேட்டால் பதிலும் சொன்னார். கடலை மிட்டாய் வெறும் கடலை மிட்டாய் மாதிரி இருந்தது, எனக்குத்தான் அது என்னவோ போல் இருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. யூனிட்டில் அவர்களுடைய மிஷின்களுக்குப் பூஜை. அப்பாவின் சாமான்களுக்கு வழக்கம்போல எங்கள் வீட்டில். அம்மா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மனைப்பலகையில் வரிசையாக வைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். பொட்டு வைப்பதில் அம்மாவுக்கு ஒரே விதிதான், எதுவானாலும் நெற்றியில் வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவருக்கு நெற்றி அதன் கைப்பிடி. கத்திரிக்கோலுக்கு நடு ஆணி. சைக்கிளுக்கு ஹாண்டில். எண்ணெய்க் கேனுக்கு மூக்கு நுனி. வருஷா வருஷம் கேனின் மூக்கு நுனியில்தான் வைப்பாள். கேன்தான் சதா ஒழுகுமே, பொட்டு விடிவதற்குள் எண்ணெயில் ஊறி வழிந்துவிடும்.

இந்த வருஷம் கேன் இல்லை, பாட்டில். முதல் பொட்டு அதற்குத்தான். பித்தளை உச்சியில் மோதிர விரலால் நன்றாக அழுத்தி, சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். "நீதாம்ப்பா அவியள இங்கன நிப்பாட்டி வச்சிருக்கே" என்று பாட்டிலிடம் சொன்னாள். அம்மா சாமியிடம்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. விரலை எடுத்துவிட்டு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

பூஜையில் வைத்த சாமான்களை மறுநாள் காலையில் சூடம் காட்டி எடுக்கிறவரை தொடக் கூடாது. யாரும் தொடவில்லை. மறுநாள் அப்பா குளித்துவிட்டு வந்து, பாட்டிலின் உச்சியைக் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அதற்கப்புறம் யூனிட்டில் நடந்ததை, அங்கே காலர் தைக்கிற பக்கத்து வீட்டு அத்தை வந்து சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். விஜயதசமி என்பதால் முதலாளி தைத்து முடித்த சட்டைகளில் ஒரு அடுக்கை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பக்கத்து மிஷின் ஓட மாட்டேன் என்று இறுகி நின்றது. அப்பா போய்ப் பாட்டிலை அமுக்கினார். சொட்டு வரவில்லை. மறுபடி அமுக்கினார். வரவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா இரண்டு கையாலும் பலமாக அமுக்க, நிப்பிள் பட்டென்று தெறித்து, எண்ணெய் அப்படியே எழும்பிச் சட்டை அடுக்கின் மேல் விழுந்தது.

"மொதலாளி கோவப்படவே இல்ல மதினி" என்றாள் அத்தை. "மேல இருந்த சட்டைய எடுத்து மடிச்சு அண்ணன் கையில குடுத்தாவ. இத நீங்களே போட்டுக்கிடுங்க அண்ணாச்சின்னாவ. அவ்ளோதான்."

அத்தை வருவதற்கு முன்னாலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம், அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தச் சட்டை.

"என்ன அதுக்குள்ள வந்துட்டீங்க? மேலுக்கு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டு வந்த அம்மா சட்டையைப் பார்த்துவிட்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டிலா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து நிப்பிளை எடுத்தார். அதைப் பார்த்தார். பூஜைப் பலகை இன்னும் எடுக்காமல் அப்படியே இருந்தது, சந்தனக் கிண்ணம், வாடின பூ, பொரி. அப்பா கொஞ்ச நேரம் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிப்பிளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆமா" என்றார். "ஸ்பிரிங்கு போயிட்டு."

அம்மா அழுதது கொஞ்ச நேரம். திட்டியது அதைவிட நிறைய. எல்லாம் மாமாவைத்தான். லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவனுக்கு இந்தப் பெருமை எதற்கு, மரத்தில் தொங்கினபோதே தெரிய வேண்டாமா, என் குடியைக் கெடுக்கவே கூடப் பிறந்தானா என்று பாத்திரத்துக்கு ஒரு வசவாகப் போட்டுக் கழுவினாள். அப்பா ஒரே ஒரு தடவை, "விடு, போனது போச்சு" என்றார். அம்மா விடவில்லை. எனக்கும் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கிறது நினைவுக்கு வந்தது. நானும் மாமாவோடு பேசக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். விஷயம் அதற்குள் பட்டறைக்கு எட்டியிருந்தது. சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். அவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு, "ஸ்பிரிங்கு போவாதே அக்கா. புது ஸ்பிரிங்கு. எங்க அது? எங்கிட்டக் குடுங்க அத்தான், பாப்போம்" என்றார்.

"விடு மாப்ள" என்றார் அப்பா.

"இல்லத்தான், எங்கன தப்புன்னு எனக்குத் தெரியணும்லா."

அப்பாவுக்குக் கொடுக்க மனசில்லை. ஆனாலும் பாட்டிலையும் நிப்பிளையும் எடுத்துக் கொடுத்தார்.

மாமா அடுப்படியில் ஸ்டவ்வுக்குக் குத்துகிற பின்னை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே போய் உட்கார்ந்தார். பேசக் கூடாது என்றுதான் முடிவே தவிர, பார்க்கக் கூடாது என்று இல்லையே. நானும் போய் நின்றேன். பாட்டிலை அமுக்கிப் பார்த்தார். குண்டு விலகியது, வந்து அடைத்தது. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. நிப்பிளைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டை தெரியவில்லை. பின்னை உள்ளே விட்டு மெதுவாகக் குத்தினார். மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் திருப்பினார். அப்பா எப்போது வந்தாரோ, கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் மட்டும் அடுப்படிப் பக்கம் போய்விட்டு வந்தது. உள்ளே அம்மா யாரிடமோ பேசுகிற மாதிரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "அது என்ன மாமா?"

"துரு, மருமவளே."

"துரு செவப்பாத்தான இருக்கும்?"

"இரும்புத் துரு செவப்பு. பித்தளைத் துரு மஞ்ச" என்றார் மாமா. உள்ளங்கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவினார். நான் குனிந்து பார்ப்பதற்குள் துணுக்கு கரைந்துபோனது. அவர் கையில் நல்ல வாசனை வந்தது. இந்த மாமா துருப்பிடித்தால்கூட மணக்கிற மாதிரி ஒரு சாமான் செய்துவிட்டு, அதை ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் போய்விட்டாரே என்று நினைத்தேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, "ஆமாக்கா. ஸ்பிரிங்குதான். எம்மேலதான் தப்பு" என்றார். மரத்தில் தொங்கிக்கொண்டு கத்தின ஆளா இது என்று இருந்தது. கொஞ்சமாவது எதிர்த்துப் பேசக் கூடாதா. அம்மாவுக்கு அதற்கு மேல் என்ன திட்டுவது என்று தெரியவில்லை. பூஜைப் பொரியை இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள், ஒன்றைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

மாமா தரையில் உட்காரப் போனார். அப்பா கட்டிலில் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தானும் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார். மாமா போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பொரி தின்றார்கள். தன் கிண்ணத்தில் கிடந்த தேங்காய்ச் சில்லை எடுத்து அப்பா மாமாவின் கிண்ணத்தில் போட்டார். நம்மை விட்டுப் போக வைத்தவருக்குப் போய் அப்பா தேங்காய் எடுத்துக் கொடுக்கிறாரே என்று எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.